ட்விலைட் மறுவாசிப்பு: நான்காவது முடிந்தது, முதலாவது பாக்கி!

ஒருவழியாக, 'ட்விலைட்' என்ற ரத்தக்காட்டேரிக் காதல் கதைத் தொடரின் நான்காவது நாவலான 'பிரேக்கிங் டான்' முடிந்தது. ஏற்கெனவே படித்ததுதான், ஆனாலும் கடைசி அத்தியாயத்தில் கண் கலங்கிவிட்டது. ரத்தக்காட்டேரிகளை ஆளும் வோல்டூரிக் கூட்டம் பனியில் வந்து நின்று, பேசியே கலைந்துபோவது சப்பென்று இருக்கிறது என்று பலர் குறைபடுவார்கள். திரைப்படத்தில், எதிர்காலத்தைப் பார்க்கத் தெரிந்த ஆலிஸ் காணும் காட்சியாக ஒரு போரையே சேர்த்துவிட்டார்கள். எனக்குப் புத்தகத்தின் முடிவுதான் சரி. எல்லோர் மனதையும் கேட்கிற ரத்தக்காட்டேரி எட்வர்டுக்கு, அவன் காதலிக்கும் பெல்லாவின் மனம் மட்டும் கேட்காது. கதையின் உயிர்நாடியே அதுதான். கடைசியில் அவளே தன் மனதை மறைக்கும் கவசத்தை விலக்கி அவனைக் கேட்க விடுகிறாள். 2005இல் போட்ட முடிச்சை 2008இல் இவ்வளவு அழகாக அவிழ்த்த ஸ்டெஃபனி மேயருக்கு ஒரு பெரிய கும்பிடு. நடுவில் ஓநாயாக மாறும் ஜேக்கப் சொல்லும் பகுதி மட்டும் இந்தத் தடவையும் நீளம்தான்.

அவள் மனம் திறந்த கையோடு, அது மூடிக் கிடந்த நாட்களை எட்வர்டின் பக்கமிருந்து படிக்க ஆசை வந்துவிட்டது. அதனால் பெல்லா சொல்லும் முதல் நாவலான 'ட்விலைட்'டையும், அதே கதையை எட்வர்ட் சொல்வதாக 2020இல் வந்த 'மிட்நைட் சன்'னையும் சேர்த்தே படிக்கிறேன். இதில் அத்தியாய எண்ணை நம்பக் கூடாது. எட்வர்டின் புத்தகம் ரொம்பப் பெரியது, சீக்கிரமே கணக்கு விலகிவிடும். இருவரும் பேசிக்கொள்ளும் வசனங்களைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓர் உரையாடல் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் இரண்டு புத்தகங்களிலும் ஒரே நிற ஒட்டுத்தாள். முதலில் பெல்லா, அப்புறம் எட்வர்ட். இந்த வரிசை மாறவே கூடாது. உயிரியல் வகுப்பில் அவன் ஏன் அப்படி முறைக்கிறான் என்று அவளோடு சேர்ந்து நாமும் குழம்ப வேண்டும். அதன் பிறகுதான், அந்த ஒரு மணி நேரத்தில் வகுப்பையே கொன்றுவிடலாமா என்று அவன் கணக்குப் போட்டது தெரிய வேண்டும். அடுத்து அவன் நாற்காலி காலியாகக் கிடக்கும் நாட்கள். அவளுக்கு ஒன்றும் புரியாது. அவனோ அலாஸ்காவில், டெனாலி என்ற இன்னொரு ரத்தக்காட்டேரிக் குடும்பத்தோடு இருக்கிறான். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் சுகமே தனி!

பிரதிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எல்லாம் ஒரே பதிப்பு என்று சொல்லித்தான் ஒருவர் பழைய செட்டை விற்றார். வந்து சேர்ந்ததில் ஒன்றுக்குத் திரைப்பட அட்டை, இன்னொன்று அரை விரல் உயரம் குறைவு. கேட்டால் பதிலே இல்லை. அலமாரியைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. அடுத்து, இதே தொடரில் வரும் பிரீ டானர் என்ற பெண்ணின் கதையைச் சொல்லும் குறுநாவல், 2010இல் வந்தது. அதை மூன்றாவது நாவலான 'எக்லிப்ஸ்' முடித்த சூட்டோடு படிப்பதுதான் நல்லது என்பதால், இன்னொரு சுற்று உறுதி.

இப்போது வாசிப்பு நிற்பது, கதை பீனிக்ஸ் நகரத்துக்குப் போகும் இடத்தில். பேஸ்பால் ஆட்டத்துக்குப் பிறகு இருவரும் பிரிந்துவிடுவதால், பிடித்துக்கொள்ள வசனமே கிடைப்பதில்லை. அவள் ஓட்டல் அறையில் காத்திருக்கிறாள், அவன், அவளைக் கொல்லத் துடிக்கும் ஜேம்ஸைத் துரத்துகிறான். நடுவில் அவர்கள் பேசுவது ஒரு தொலைபேசி அழைப்பில்தான். அதுவரை பெல்லாவைப் படித்து நிறுத்திவிட்டு, துரத்தல் முழுவதையும் ஒரே மூச்சில் முடித்து, பாலே பள்ளிக்கு அவளோடு போகப் போகிறேன். மஞ்சள் ஒட்டுத்தாள் தீர்ந்துவிட்டது, இனி பச்சை.