கடல் இருந்த தெரு

ஊரிலிருந்து யாராவது சிங்கப்பூருக்கு டிக்கெட் போட்டால் எனக்கு வாட்ஸ்அப் வந்துவிடும். "நாலு நாள் இருப்போம், எங்கெல்லாம் போகலாம்?" மரினா பே, செந்தோசா, விலங்குத் தோட்டம் என்று பாதிப் பட்டியலை அவர்களே போட்டிருப்பார்கள். நல்ல இடங்கள்தான், போய்வரட்டும். நான் கேட்பது ஒரே ஒரு அரை நாள். காலை பத்து மணிக்கு தெலுக் ஆயர் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு வந்துவிடுங்கள் என்பேன். நடக்கத் தோதான செருப்பு, ஒரு குடை, ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவு போதும்.

போன வருடம் அப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் நாகப்பட்டினம். அப்பா தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதைக் காட்டினாலும் "நல்லா இருக்கும்மா" என்று ஒரு வார்த்தையோடு முடித்துக்கொள்வார். மரினா பேக்கும் அதே வார்த்தைதான். தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவின் முன்னால் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். வெள்ளைச் சுவர், இரண்டு பக்கமும் அடுக்கடுக்காக உயரும் சின்ன மினாராக்கள், அவற்றுக்குப் பின்னால் வானத்தை மறைக்கும் கண்ணாடி அலுவலகக் கட்டடங்கள். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தனக்கூடு காட்டியவர் அவர். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "நாகூராருக்குக் கட்டியிருக்காங்கன்னா பக்கத்துல கடல் இருக்கணுமே, எங்கம்மா?"

சரியான கேள்வி. கடலில் போகிறவர்களுக்குத் துணை என்று நம்பப்படுபவர் நாகூரார். அந்தத் தெருதான் கடற்கரை. மலாய் மொழியில் 'தெலுக்' என்றால் விரிகுடா, 'ஆயர்' என்றால் தண்ணீர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கும்வரை கப்பலில் வந்தவர்கள் இங்கேதான் கரை இறங்கினார்கள். பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்ல அவரவர் ஒரு இடம் கட்டிக்கொண்டார்கள். நம் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள் 1828-லிருந்து 1830-க்குள் இந்த தர்காவைக் கட்டினார்கள். நாகூராரின் அடக்கத்தலம் நம் ஊரில்தான், இது அவர் நினைவாக எழுப்பியது. இப்போது உள்ளே இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம் இருக்கிறது. திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

சில அடி தள்ளி தியான் ஹோக் கெங் கோயில், 1842-ல் கட்டி முடித்தது. ஹொக்கியன் பேசும் சீனர்கள் தங்கள் கடல் அம்மனுக்கு எழுப்பியது. கூரை விளிம்பை அண்ணாந்து பாருங்கள், டிராகன்கள் நெளியும். அதையும் தாண்டினால் அல் அப்ரார் பள்ளிவாசல். 1827-ல் ஓலைக் குடிசையாகத் தொடங்கியது என்பதால் தமிழர்கள் அதைக் 'குச்சுப் பள்ளி' என்றார்கள். குச்சு என்றால் குடிசை என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அப்பாவே சொல்லிச் சிரித்தார்.

அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் சாலைக்கு நிதானமாக நடக்கலாம். மழை பிடித்தால் கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் ஒதுங்கிக்கொள்ளுங்கள். பகல் பன்னிரண்டுக்குள் மாரியம்மன் கோயிலை எட்டிவிட வேண்டும், அப்புறம் நடை சாத்திவிடுவார்கள். சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் இது, 1827-ல் தொடங்கியது. தொடங்கியவர் நாராயண பிள்ளை. 1819-ல், சிங்கப்பூரை ஆங்கிலேயர் துறைமுகமாக்கிய ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்து, செங்கல் சூளை போட்டுக் கட்டட வேலை எடுத்துச் செய்தவர். கோயிலின் ஒரு பக்கத் தெரு டெம்பிள் ஸ்திரீட். இன்னொரு பக்கம் பகோடா ஸ்திரீட், அந்த 'பகோடா' நம் கோபுரம்தான். கொஞ்சம் தள்ளி மாஸ்க் ஸ்திரீட், அதன் முனையில் சூலியா முஸ்லிம்களின், அதாவது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களின், ஜாமிஆ பள்ளிவாசல். அதன் முகப்பை நின்று பாருங்கள். இரண்டு மினாராக்களுக்கு நடுவே ஒரு குட்டி அரண்மனையையே செதுக்கி வைத்திருக்கிறார்கள், விரல் நீள வாசல்களும் ஜன்னல்களுமாக. எத்தனை முறை போனாலும் நான் அங்கே ஐந்து நிமிடம் நிற்பேன். இவ்வளவும் சைனாடவுன் நடுவில்.

இதற்குள் பசி வந்திருக்கும். ஐந்து நிமிடம் திரும்பி நடந்தால் மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம். அதன் முகவரி என்ன தெரியுமா? எண் 1, கடையநல்லூர் ஸ்திரீட். தென்காசி பக்கத்துக் கடையநல்லூரேதான். அங்கிருந்து வந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில்தான் வாழ்ந்தார்கள். பெயர்ப் பலகையின் கீழே அப்பாவை நிறுத்தி நான் எடுத்த படம்தான் இன்றைக்கும் அவர் போனில் முகப்புப் படம்.

மேக்ஸ்வெல்லில் கோழிச் சோறு சாப்பிடுங்கள். பார்த்தால் வெறும் வெள்ளைச் சோறும் வேகவைத்த கோழியும்தான். ஆனால் அந்தச் சோறு கோழிக் கொழுப்பிலும் இஞ்சி பூண்டிலும் வதங்கி, கோழி வெந்த சாற்றிலேயே வெந்தது. முதல் வாய் சோற்றை மட்டும் தனியாகச் சாப்பிட்டுப் பாருங்கள். மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். சாப்பிட்டதும் தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும், அது சட்டம்.

ஹலால் பார்ப்பவர்களும் நம் சாப்பாடு தேடுபவர்களும் மாலையில் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்குப் போகலாம். அங்கே இந்தியன் ரோஜாக் கட்டாயம். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் வடை, உருளைக்கிழங்கு, டோஃபு, இறால் மாவுப் பலகாரம் இதிலெல்லாம் வேண்டியதைக் காட்டுங்கள். சூடாக்கி, பெரிய கத்தியால் டக் டக்கென்று நறுக்கி, வெள்ளரி, வெங்காயம், பச்சை மிளகாயோடு தருவார்கள். தொட்டுக்கொள்ளச் செக்கச்செவேலென்று ஒரு குழம்பு, முதலில் இனித்து அப்புறம் உறைக்கும். நாலைந்து துண்டு எடுத்தால் ஒருவருக்குத் தாராளம். விலை துண்டுக்குத் துண்டு ஏறும், ஆசையில் அள்ளிவிடாதீர்கள். சைவக்காரர்களுக்கு சிராங்கூன் சாலையில் 1947-லிருந்து நடக்கும் கோமள விலாஸ் இருக்கிறது.

கடைசியாக ஒரு தே ஆலியா, நம் இஞ்சி டீ. சும்மா 'தே' என்றால் இனிப்பான கெட்டிப்பால் ஊற்றிவிடுவார்கள். 'தே ஓ' என்றால் பால் இல்லை, 'தே ஓ கோசோங்' என்றால் பாலும் இல்லை சர்க்கரையும் இல்லை. சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களைக் கூட்டி வருபவர்கள் இந்த ஒரு வார்த்தையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அப்பா இரண்டே நாளில் கற்றுக்கொண்டார். மூன்றாம் நாள் காலை நான் எழுவதற்குள் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில் தனியாக உட்கார்ந்து, "தே ஓ கோசோங்" என்று அவரே கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.