தண்ணீரிலேயே ஒரு மூட்டை யூரியா

கோலாரில் எங்கள் பக்கத்து ஏரிகளில் இப்போது தளும்புவது பெங்களூரின் சாக்கடைத் தண்ணீர். சுத்திகரித்ததுதான். கே.சி. வேலி திட்டம் என்பார்கள். கோரமங்கலா, சல்லகட்டா பள்ளத்தாக்குக் கழிவுநீரை இரண்டாம் கட்டம் வரை, அதாவது கசடை நீக்கி, மிச்ச அழுக்கை நுண்ணுயிர்கள் தின்னும் வரை சுத்தம் செய்து, குழாயில் மேடேற்றி, 2018 ஜூன் முதல் இங்கே விடுகிறார்கள். திட்ட அளவு நாளைக்கு 44 கோடி லிட்டர். முதலில் வந்தது லட்சுமிசாகரா ஏரிக்கு. அடுத்த மாதமே அதில் நுரை பொங்கியது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய், கொஞ்ச காலம் தண்ணீர் நின்றது. பிறகு மறுபடி வந்தது.

ஏரியில் நேராக மோட்டார் போடக் கூடாது, மண்ணில் ஊறி போர்வெல்லுக்கு வருவதைத்தான் எடுக்கலாம் என்பது விதி. ராத்திரியில் ஓடும் மோட்டார்களும் உண்டு, அது வேறு கதை. 1,200 அடி போட்டும் வெறும் புழுதி பறந்த ஊரில் யாரை என்ன சொல்ல?

என் மாமனார் இந்தத் தண்ணீரை நம்பி ராகியை விட்டு நெல்லுக்கு மாறினார். "பாருங்க மாப்பிள்ளே, எப்படிக் கருகருன்னு நிக்குது" என்று வரப்பில் நின்று காட்டியபோது அவருக்கு அத்தனை சந்தோஷம். யூரியாவையும் வழக்கம்போல் முழுசாகப் போட்டிருந்தார். பூக்கும்வரை அழகு. அப்புறம் ஒரு மழைக் காற்றில் பாதி வயல் படுத்துவிட்டது. அறுத்ததில் பதர் அதிகம். தண்ணீரில் விஷம் என்றார்கள் ஊரில். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

லிட்டருக்கு 20 மில்லிகிராம் நைட்ரஜன், அதாவது யூரியாவில் இருக்கும் தழைச்சத்து, என்று வையுங்கள். இரண்டாம் கட்டத்தோடு நிறுத்திய தண்ணீரில் அது சாதாரணம். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தினால் சுமார் ஒரு லட்சம் லிட்டர், அதில் 2 கிலோ நைட்ரஜன். பாசன ராகிக்கு மொத்தம் பத்து அங்குலம் விட்டால் 20 கிலோ. யூரியாவில் 46 சதவீதம்தான் நைட்ரஜன் என்பதால், இது 45 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சமம். நெல் குடிக்கும் தண்ணீரோ ராகியைப்போல நாலு மடங்கு. அதாவது நாலு மூட்டை, அதுவும் நிறுத்த வேண்டிய பருவத்திலும் நிற்காமல். மேலே நாமும் போட்டால் பயிர் இலையாக வளர்ந்து சாயாமல் என்ன செய்யும்? குலைநோய் என்கிற பூஞ்சண நோய்க்கும் அது விருந்து. மண்ணில் வடிந்து வரும் போர்வெல் தண்ணீரில் அளவு மாறும். அதனால்தான் விதைக்கும் முன் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்கிறேன். நாங்கள் ராகிக்கே திரும்பிவிட்டோம், மேலுரம் பாதிதான்.

மெக்சிகோ நகரத்துச் சாக்கடையில் மெஸ்கித்தால் பள்ளத்தாக்கு விவசாயிகள் நூறு வருஷத்துக்கு மேலாக மக்காச்சோளம் விளைவிக்கிறார்கள். அங்கே பெரிய சுத்திகரிப்பு நிலையம் வருகிறது என்றதும், தண்ணீரில் சத்துப் போய்விடும் என்று முணுமுணுத்தவர்கள் அவர்களே. எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை.

"அந்தத் தண்ணியில விளைஞ்ச ராகியைத் திங்கலாமா?" என்று பெங்களூர் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அனுப்பியதே அவர்கள்தான்! கிருமியைப் பற்றிய பயம் என்றால், வெயிலில் காய்ந்து, மாவாகி, கொதிக்கும் பானையில் களியாகிற தானியத்துக்கு ஆபத்து குறைவு. பச்சையாகத் தின்னும் கொத்தமல்லிக்குத்தான் அதிகம். உலக சுகாதார நிறுவனம் 1989-இல் சொன்ன வரம்பும் அப்படியே: தானியப் பயிருக்குக் கோலிஃபார்ம் (மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) எல்லை வைக்கவில்லை, ஆனால் லிட்டருக்கு ஒரு குடற்புழு முட்டைக்கு மேல் கூடாது என்றது. அது சாப்பிடுகிறவர்களுக்காக வைத்த எல்லை இல்லை, சேற்றில் நிற்கிறவர்களுக்காக.

எங்கள் வயலில் நாற்று நடும் பெண்களுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். "சேத்துல காலு மாட்டிக்குது சார், நீங்களே போட்டுக்குங்க" என்று வரப்பிலேயே கழற்றி வைத்துவிட்டார்கள். இப்போதைக்கு வேலை முடிந்ததும் கை கால் கழுவ சோப்பும் நல்ல தண்ணீரும் வைக்கிறேன், அரசு மருத்துவமனையில் வயிற்றுப் பூச்சி மாத்திரை வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன்.