எந்த வகுப்புக்கு டீச்சராகப் போகிறீர்கள்?

பி.எட். சேர வருபவர்கள் முதலில் கேட்பது, "ஃபீஸ் எவ்வளவு?" அடுத்தது, "தினமும் வரணுமா?" எந்த வகுப்புக்குப் பாடம் நடத்தப் போகிறோம் என்பதை யோசித்துவிட்டு வருபவர்கள் குறைவு. எந்தப் படிப்பு என்பதை முடிவு செய்வதே அதுதான்.

ஒன்று முதல் ஐந்து வரை என்றால் டி.எல்.எட்., அதாவது தொடக்கக் கல்விக்கான பட்டயப் படிப்பு; பழைய ஆட்கள் டி.டி.எட். என்பார்கள். பி.எட். படித்தவர்களும் தொடக்கப்பள்ளிக்குப் போகலாம் என்று 2018-இல் ஆசிரியர் படிப்புகளுக்கு விதி வகுக்கும் தேசிய அமைப்பான என்.சி.டி.இ. அறிவித்தது உண்மை. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றுவிட்டது. சேர்க்கை மேசையில் பழைய பாட்டையே பாடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பத்து வரை நடத்தும் பட்டதாரி ஆசிரியராக வேண்டுமானால் பட்டம், பி.எட்., டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள் மூன்றும் வேண்டும். பதினொன்று, பன்னிரண்டுக்கு முதுகலையும் பி.எட்.டும் முடித்து ஆசிரியர் தேர்வு வாரியமான டி.ஆர்.பி.யின் தனித் தேர்வு எழுத வேண்டும். இளங்கலை ஒரு பாடம், முதுகலை வேறு பாடம் என்று 'கிராஸ் மேஜர்' ஆனவர்களுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பில்தான் விஷயம் வெடிக்கும். பட்டத்தில் இருக்கும் பாடப்பெயர் பள்ளிப் பாடத்தோடு ஒத்துப்போகாவிட்டால், இரண்டும் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்பதைச் சேரும் முன்பே பார்த்துவிட வேண்டும். இரண்டு வருடம் படித்த பிறகு பார்ப்பதில் பயனில்லை.

"வரவே வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்" என்கிற கல்லூரியைத் தேடிப் போவதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு. விதிப்படி வகுப்புகளுக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை கட்டாயம். தொலைதூரக் கல்வியில் பி.எட். உண்டு, ஆனால் அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும். டிகிரியை மட்டும் வைத்துக்கொண்டு 'ஆன்லைன் பி.எட்.' விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டக் கூடாது.

கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சேர்க்கையை யூனிட் கணக்கில்தான் அனுமதிப்பார்கள்; ஒரு யூனிட்டுக்கு 50 மாணவர்கள். இரண்டு யூனிட் நடத்தும் கல்லூரியில் 16 முழுநேர ஆசிரியர்கள் இருக்க வேண்டும். இணையதளத்தில் உள்ள பட்டியலை எடுத்துக்கொண்டு போய், அதில் உங்கள் பாடத்தின் கற்பித்தல் முறை எடுப்பவர் யார், இன்று வந்திருக்கிறாரா என்று கேளுங்கள். பல இடங்களில் பட்டியலில் இருப்பவர் ஒருவர், வகுப்புக்கு வருபவர் வேறொருவர்.

இன்னொரு சோதனை மைக்ரோ டீச்சிங், அதாவது பயிற்சிக்காகச் சில நிமிடம் மட்டும் பாடம் நடத்திப் பார்ப்பது. ஒரே ஒரு திறன், உதாரணத்துக்குக் கேள்வி கேட்பது. எதிரே சக மாணவர்கள் பத்துப் பேர். 6 நிமிடம் நடத்தல், 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் மறுதிட்டம், மறுபடி 6 நிமிடம் நடத்தல், 6 நிமிடம் பின்னூட்டம், ஆக 36 நிமிடம். நேரம் போதவில்லை என்று முதலில் கைவிடப்படுவது மறு கற்பித்தல்தான். முதல் தடவை பதிலுக்குக் காத்திருக்காமல் தானே விடையைச் சொல்லிவிட்டவர், அடுத்த தடவை ஐந்து விநாடி பொறுத்துப் பார்ப்பது அங்கேதான். அது நடக்காத கல்லூரியில் ரெக்கார்டு நோட்டு மட்டும் அழகாக இருக்கும், அதுவும் சீனியருடையதைப் பார்த்து எழுதியதாக இருக்கும்.

பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரம். அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், கல்லூரியிலிருந்து யாராவது வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறார்களா, பயிற்சி மாணவரை விடைத்தாள் திருத்தவும் லீவு எடுத்தவர் வகுப்பைச் சமாளிக்கவும் மட்டுமே வைத்துக்கொள்கிறார்களா? இதை முதல்வரிடம் கேட்டால் சரியான பதில் வராது. மதிய இடைவேளையில் இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கேளுங்கள். அப்படியே, கட்டிய பணத்துக்கெல்லாம் ரசீது கொடுத்தார்களா, ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டார்களா என்பதையும் விசாரித்துவிட்டு வாருங்கள்.