கண்மாய்க்குப் பணம் கேட்டுப் போனோம்

சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊர்க் கண்மாயைச் சீரமைக்க ஓர் அறக்கட்டளை மூலம் பணம் கிடைத்தது. எப்படி வாங்கினீர்கள் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் விசாரித்துக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

பணம் கொடுத்தது ஒரு கம்பெனி. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அதை ஊர்ச் சங்கம் நேராகப் போய்க் கேட்டு வாங்குவது நடக்காத காரியம். வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவு வேண்டும், மூன்று வருடம் வேலை செய்த கணக்கு வேண்டும், 2021 ஏப்ரலிலிருந்து இந்தப் பணத்தை வாங்கும் அமைப்புகளுக்கான சிஎஸ்ஆர்-1 பதிவும் கட்டாயம். இதெல்லாம் உள்ள அறக்கட்டளை ஒன்று நடுவில் இருந்தாக வேண்டும்.

மதுரைப் பக்கம் தானம் அறக்கட்டளை 1990-களிலிருந்தே கண்மாய் விவசாயிகளை ‘வயலகம்’ என்ற பெயரில் சங்கமாகச் சேர்த்து வேலை செய்கிறது. எங்களுக்கு உதவியது வேறொரு சின்ன அமைப்பு. முறை ஏறக்குறைய அதேதான்: முதலில் சங்கம், பிறகு செலவில் ஊரார் போடும் ஊர்ப்பங்கு, அப்புறம்தான் மண்வெட்டி.

நாங்கள் ஜேசிபி வாடகையை விசாரித்துக்கொண்டு போனோம். அவர்களோ ஊரில் கூட்டம் போட்டுப் பாடம் நடத்தினார்கள். சும்மா பேச்சில்லை. வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது, மாடு குடிக்கத்தான் ஆகும். கரையை ஒட்டித் தோண்டினால் கரை பலவீனமாகும். இதையெல்லாம் மட்டக்கோல் வைத்து அளந்தே காட்டினார்கள். பிறகு கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வழியாக எங்களை மேலே நடக்கவிட்டார்கள். பாதி தூரத்துக்குச் சீமைக்கருவேலம், ஓரிடத்தில் கால்வாயே வரப்பாகிவிட்டது. கூட வந்த பழைய நீர்பாய்ச்சி, "வரத்தே இல்லாத கம்மாயில ஆழம் எதுக்குத் தம்பி?" என்றார். அவர் இதைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அறக்கட்டளைப் பெண் அதையே வரைபடத்தில் குறித்த பிறகுதான் ஊர் கேட்டது. அது கொஞ்சம் எரிச்சலான விஷயம்தான்.

அதனால் மனுவே மாறியது. தூர் வாருவதைக் குறைத்து, வரத்துக்காலுக்கும் மடை ஷட்டருக்கும் பணம் கேட்டோம். கம்பெனிக்காரர்களுக்கு இதில் அவ்வளவு இஷ்டமில்லை. எத்தனை கன மீட்டர் மண் எடுத்தோம் என்பது அறிக்கையில் அழகாக நிற்கும், முன் பின் படம் போடலாம்; சுத்தமான கால்வாயைப் படம் எடுத்தால் வெறும் பள்ளம்தான் தெரியும். அறக்கட்டளை எங்கள் பக்கம் நின்று வாதாடியது. அவர்கள் செய்த பெரிய உதவி என்று நான் இதைத்தான் சொல்வேன்.

ஊர்ப்பங்குதான் பெரும்பாடு. ஆயக்கட்டு நிலத்துக்கு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலத்துக்கு, ஏக்கர் கணக்கில் வசூல். கடைமடைக்காரர்கள், "எங்களுக்குத் தண்ணி வந்து வருஷக்கணக்காச்சு, நாங்க ஏன் கொடுக்கணும்?" என்றார்கள். நியாயம்தானே. கடைசியில் அவர்களுக்குப் பாதி வீதம் என்று முடிவாயிற்று. சென்னையில் இருக்கும் நிலக்காரர்களிடம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அனுமதி பற்றி ஒன்று. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் கண்மாய் நீர்வளத்துறை வசம், குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் மனுக் கொடுத்தால் காகிதம் மேசை மேசையாகச் சுற்றும். வரத்துக்கால் ஆக்கிரமிப்புக்குப் நில அளவைப் புலப்படமும் நில விவரமுள்ள ‘அ’ பதிவேட்டு நகலும் முன்பே எடுத்து வையுங்கள். சீமைக்கருவேல மரத்தை நாமாக வெட்டி விற்கக் கூடாது, அதற்குத் தனி அனுமதி. வண்டல் மண்ணை வயலுக்கு அள்ளவும் அப்படித்தான்.

வேலை முடிந்து வந்த ஐப்பசி மழையில் வரத்துக்காலில் தண்ணீர் ஓடியது. கண்மாய் நிரம்பவில்லை, முக்கால் வந்தது. கடைமடைக்கு ஒரு தடவை பாய்ந்தது. அவர்கள் மீதிப் பாதியையும் கட்டிவிட்டார்கள். அந்தப் பணம் சங்கக் கணக்கில் இருக்கிறது, அடுத்து உபரித் தண்ணீர் வழியும் கலுங்கைப் பூச அதைத்தான் ஊர்ப்பங்காகக் காட்டியிருக்கிறோம்.