தீலோன் ஆற்றில் தனி வள்ளம்: 2019 கோடை நாட்குறிப்பு

யூலை 4, வியாழன். யெலோநைஃப்

உணவை இரண்டாவது தடவையாக எண்ணி முடித்துவிட்டேன். பயணத்துக்கு 25 நாள் என்று கணக்கிட்டிருக்கிறேன். இரண்டு நீலப் பீப்பாக்களிலும் 35 நாளுக்கான சாப்பாடு இருக்கிறது. ஓட்ஸ், வறுத்த அரிசிமா, பருப்பு, உலர்த்திய இறைச்சி, நெய், தேங்காய்ப்பூ, தங்கை ரொறன்ரோவில் இடித்துத் தந்த மாசிச் சம்பல். மேலதிகமான பத்து நாள் சாப்பாடு மட்டும் ஏழு கிலோவுக்கு மேல் வருகிறது. தனியாகப் போகிறவனுக்கு ஒவ்வொரு கிலோவும் முதுகில் ஏறும் சுமை என்பதால் அதைக் குறைக்கலாமா என்று மாலை முழுவதும் யோசித்தேன். குறைக்கவில்லை. நான் போகும் ஆற்றங்கரையில் பசியால் இறந்த மூவரின் கல்லறைகள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கப் போகிறவன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு போகக் கூடாது.

தீலோன் கனடாவின் வடக்கே ஏறக்குறைய 900 கிலோமீற்றர் நீளமான ஆறு. மரங்கள் முடிந்து தந்திரா தொடங்கும் நிலத்தின் ஊடாகக் கிழக்கு நோக்கி ஓடி பேக்கர் ஏரியில் விழுகிறது. அந்த நீர் பின்னர் ஹட்சன் விரிகுடாவைச் சேர்கிறது. நான் தொடங்கும் இடத்திலிருந்து பேக்கர் ஏரி வரையுள்ள 500 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரத்தில் ஓர் ஊரோ தெருவோ கிடையாது.

யூலை 6, சனி. ஹான்பரி ஆற்றுச் சங்கமத்துக்குக் கீழே

முகில் விலகக் காத்திருந்ததில் நேற்றைய நாள் போயிற்று. இன்று காலை சிறிய மிதவை விமானம் கிளம்பியது. கிரேட் ஸ்லேவ் ஏரியின் கிழக்குக் கையைத் தாண்டிய பிறகு கீழே மரங்கள் மெல்ல மெல்லக் குட்டையாகி, பள்ளங்களில் மட்டும் ஒதுங்கி, கடைசியில் இல்லாமற் போயின. பாறையும் பாசியும் எண்ணித் தீராத குளங்களுமாகக் கிடந்த அந்த நிலத்தின் நடுவே, வர வேண்டாத இடத்துக்கு வந்துவிட்டதுபோல, தீலோன் பள்ளத்தாக்கில் திரும்பவும் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்கள் தோன்றின. மர எல்லைக்கு வெகுதூரம் வடக்கே, ஆற்றின் மணற்கரையை ஒட்டி, இந்தக் காடு தனித்து நிற்கிறது.

நான் வள்ளத்தைப் பூட்டி முடிக்கும்வரை விமானி காத்திருந்தார். அலுமினியக் குழாய்களின் மேல் தடித்த தோலைப் போர்த்துப் பூட்டும் மடக்கு வள்ளம் இது. ஒரு குழாய் குறைந்தாலும் விமானம் நிற்கும்போதுதான் சொல்ல முடியும். எல்லாம் சரியாக இருந்தது. அவர் கைகுலுக்கிவிட்டுப் போனார். இயந்திரச் சத்தம் மலைமுகட்டுக்கு அப்பால் அடங்கிய கணத்தில் நுளம்புகளின் இரைச்சல் மட்டும் எஞ்சியது. அதுவரையில் அதை நான் கவனித்திருக்கவில்லை. வலைத்தொப்பியைப் போட்டுக்கொண்டு சுமைகளை ஏற்றினேன். கனமான பீப்பாவை அணியத்தை நோக்கித் தள்ளிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னே இருக்கும் என் பாரத்தால் முன்பகுதி மேலே தூக்கி, சிறு காற்றுக்கும் வள்ளம் சுழன்றுவிடும்.

யூலை 7, ஞாயிறு. வார்டன்ஸ் குரோவ்

1927இல் கஸ்தூரி எருமைகளைக் காப்பதற்காக இந்தப் பள்ளத்தாக்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டதை அடுத்துக் கட்டப்பட்ட மரக்குடில்கள் இங்கே இருக்கின்றன. 1978 சனவரி 24ஆம் தேதி, அணு உலையைச் சுமந்திருந்த சோவியத் செய்மதி கொஸ்மொஸ் 954 இந்த நிலப்பரப்பின் மேல் சிதறி விழுந்தபோது ஆறு பேர் இங்கே குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இருவர் பனியில் கிடந்த சிதைவைத் தற்செயலாகக் கண்டார்கள். அதன் பிறகு 1,24,000 சதுர கிலோமீற்றர் பரப்பில் தேடுதல் நடந்தது. கனடா 60 இலட்சம் டொலர் கேட்க, சோவியத் ஒன்றியம் 30 இலட்சம் கொடுத்தது.

மனிதர் இல்லாத இடம் என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறோம். இங்கே ஒரு மரத்தடியில் குந்தியிருந்து தேநீர் குடிக்கும்போது அந்தச் சொல்லை இனிப் பயன்படுத்தக் கூடாது என்று தோன்றுகிறது.

யூலை 10, புதன். ஹோர்ன்பியின் குடில்

கரையிலிருந்து மேலே ஏறினால் ஸ்புரூஸ் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. கூரை எப்போதோ விழுந்துவிட்டது. சாம்பல் நிறமான மரத்தண்டுகள் இடுப்பளவுக்கும் குறைவாக நாற்சதுரத்தில் கிடக்கின்றன. உள்ளே பாசியும் சிறு செடிகளும் வளர்ந்திருக்கின்றன. அருகே மூன்று மரச்சிலுவைகள்.

ஜோன் ஹோர்ன்பி இந்த வடநிலத்தில் பல ஆண்டுகள் அலைந்தவர். 1926இல், ஹரல்ட் அட்லார்ட் என்பவரையும், தன் உறவினனான 18 வயது எட்கர் கிறிஸ்ரியனையும் அழைத்துக்கொண்டு இங்கே வந்து குடில் கட்டினார். கரிபூ மான்கள் கூட்டமாகத் தெற்கே போகும் நாட்களில் வேட்டையாடிக் குளிர்காலத்துக்கான இறைச்சியைச் சேர்த்துவிடலாம் என்பதுதான் அவருடைய நம்பிக்கை. அவர்கள் வந்து சேரப் பிந்திவிட்டது, மான்கள் போய்விட்டன. குளிர்காலம் முழுவதும் பொறியில் விழுந்த சிறு விலங்குகளையும், ஒன்றிரண்டு மீன்களையும், முன்பு எறிந்திருந்த எலும்பையும் தோலையும் தோண்டி எடுத்துத் தின்றார்கள். 1927 ஏப்ரல் 16இல் ஹோர்ன்பி இறந்தார். மே மாதத் தொடக்கத்தில் அட்லார்ட் இறந்தார். பிறகு ஏறக்குறைய நான்கு வாரம் அந்தப் பையன் இங்கே தனியாக இருந்தான். கடைசிவரை நாட்குறிப்பு எழுதினான். எழுந்திருக்க முடியாத நிலை வந்தபோது அந்தக் குறிப்பேட்டையும் வீட்டுக்கு எழுதிய கடிதங்களையும் அணைந்த அடுப்பின் சாம்பலுக்குள் வைத்தான். ஈரமும் விலங்குகளும் தொட முடியாத இடம் இந்தக் குடிலில் அது ஒன்றுதான் என்பதை அந்த நிலையிலும் அவன் யோசித்திருக்கிறான். உடல்கள் மறு ஆண்டுதான் கண்டுபிடிக்கப்பட்டன. அதற்கும் அடுத்த ஆண்டு பொலீசார் வந்து அடக்கம் செய்தபோது அடுப்பில் அந்த ஏடு இருந்தது.

ஹோர்ன்பியைத் துணிச்சல்காரர் என்று புகழ்ந்து எழுதுகிறார்கள். என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை. தன்னைப் பட்டினி போட்டுப் பழகியவர் அவர்; தன்னை நம்பி வந்த ஒரு பிள்ளையின் மேலும் அந்தப் பழக்கத்தைச் சுமத்திவிட்டார். தனியாக வந்திருந்தால் அது அவர் பாடு. மூன்றாவது சிலுவையின் முன்னால் வெகுநேரம் நின்றேன். தலையில் போட்டிருந்த வலையைக் கழற்றியதால் கறுப்பு ஈக்கள் காதுக்குப் பின்னால் கடித்து இரத்தம் வழிந்தது. இங்கே கூடாரம் அடிக்க மனம் ஒப்பவில்லை. இன்னும் இரண்டு மணிநேரம் துடுப்புப் போட்டு ஒரு மணல் திட்டில் படுத்திருக்கிறேன்.

யூலை 13, சனி

காலையில் எதிர்க்கரையில் ஒன்பது கஸ்தூரி எருமைகள் நின்றன. வள்ளம் நெருங்கியதும் கன்றுகளை நடுவில் விட்டுப் பெரியவை வெளிப்பக்கம் முகம் காட்டி நெருங்கி நின்றன. ஓநாய்க்கு எதிராக நல்ல தற்காப்பு. துப்பாக்கிக்கு எதிராக அதுவே அழிவாயிற்று; ஓடாமல் நிற்கும் மந்தையைச் சுட்டு முடிப்பது சுலபம். அதனால்தான் அவற்றுக்கு ஒரு சரணாலயம் தேவைப்பட்டது.

அவை போன பிறகு அந்தக் கரையில் இறங்கினேன். குட்டை வில்லோச் செடிகளின் கிளைகள் எங்கும் உதிர்ந்த உள்மயிர் சிக்கியிருந்தது. ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம், சிலந்தி நூலைப் போன்ற மென்மை, எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. கையை மூடியதும் சில விநாடிகளில் உள்ளங்கை சுடத் தொடங்கியது. இனுயிற் மக்கள் இதைக் கிவியுற் என்று சொல்கிறார்கள். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் ஒட்டிவைத்திருக்கிறேன்.

யூலை 16, செவ்வாய்

இன்று என் பிழையால் எல்லாவற்றையும் இழக்க இருந்தேன்.

வடமேற்குப் பிரதேசத்தைத் தாண்டி நுனாவுற்றுக்குள் வந்துவிட்டேன்; ஆற்றில் எல்லைக் குறி எதுவும் இல்லை. மதியம் ஓர் எஸ்கர் மேட்டின் அடியில் கரையேறினேன். பனியுகத்தில் இந்த நிலத்தை மூடியிருந்த பெரும் பனிப்படலத்தின் அடியில் ஓடிய ஆறுகள் படியவிட்ட மணலும் சரளையும்தான் எஸ்கர். பனி உருகிப்போக, ஆற்றின் படுகை மட்டும் நெடிய முகடாக மிஞ்சியிருக்கிறது. மணல் தோண்ட இலகுவாக இருப்பதால் ஓநாய்கள் அதில் வளை அமைக்கின்றன. அதைப் பார்க்கும் ஆவலில் வள்ளத்தைப் பாதியளவு மணலில் இழுத்துவிட்டு, கயிற்றைக் கட்டாமல் மேலே ஏறினேன். முகட்டில் காற்று முகத்தில் அறைந்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன். வள்ளம் மணலில் இல்லை. கரையிலிருந்து பத்து மீற்றர் தள்ளி, மெதுவாகச் சுழன்றபடி, நடு நீரோட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சாப்பாடு, கூடாரம், செய்மதிக் கருவி, எல்லாம் அதற்குள் இருந்தன. என் சட்டைப்பையில் ஒரு தீப்பெட்டியும் கத்தியும்.

சரிவில் விழுந்து எழுந்து ஓடி நீருக்குள் இறங்கினேன். நெஞ்சளவு ஆழத்தில் கால் தரையை விட்டு எழும்பிய நேரத்தில் மிதந்துவந்த கயிற்று நுனி விரலில் பட்டது. கரையேறிய பிறகும் அரைமணிநேரம் பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. பொத்தானைக் கழற்றக் கை வரவில்லை. இருவராக வந்திருந்தால் ஒருவர் கயிற்றைக் கட்டினாயா என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்வியை இனி நானே என்னைச் சத்தமாகக் கேட்பதென்று வைத்துக்கொண்டேன். இன்றிரவு கயிற்றின் ஒரு நுனி பாறையிலும் மறுநுனி என் கணுக்காலிலும் இருக்கிறது.

செய்மதிக் கருவி மார்புப் பையில் இருக்க வேண்டும், வள்ளத்தில் அல்ல. இதை வீட்டில் நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

யூலை 19, வெள்ளி. பெவர்லி ஏரி

மரங்கள் முடிந்துவிட்டன. ஆனால் ஏரிக்கரையில் மரம் குவிந்து கிடக்கிறது. நான் கடந்துவந்த அந்த ஸ்புரூஸ் காட்டில் கரை அரித்து விழும் மரங்களை வெள்ளம் இங்கே கொண்டுவந்து ஒதுக்குகிறது. பட்டை உரிந்து, வெயிலில் எலும்புபோல் வெளுத்துக் கிடக்கின்றன. இந்தச் சுற்றுவட்டத்தை அக்கிலினிக் என்று இனுயிற் மக்கள் அழைத்தார்கள். மரமே இல்லாத ஆர்க்டிக் கடற்கரையிலிருந்தும் சறுக்கு வண்டிக்கும் ஈட்டிக்காம்புக்கும் மரம் எடுக்க இங்கே வந்து, அப்படியே பண்டமாற்றும் செய்துகொண்டு போயிருக்கிறார்கள். மேட்டில் கூடாரத் தோலை அழுத்திவைத்த கல்வட்டங்கள் இருக்கின்றன. ஒன்றின் நடுவே போய் நின்றேன். வாசல் காற்றுக்கு மறுபுறம், ஏரியைப் பார்த்து இருந்தது. நான் தேர்ந்திருந்தாலும் அந்த இடத்தைத்தான் தேர்ந்திருப்பேன். கல் எதையும் அசைக்காமல், என் கூடாரத்தைத் தள்ளி அடித்தேன்.

வந்ததிலிருந்து முதல் தடவையாக விறகடுப்பு. அரிசிமாவும் தேங்காய்ப்பூவும் கலந்து புட்டு அவித்து, பிடித்த ஏரி ட்ரௌட் மீனைச் சுட்டுச் சாப்பிட்டேன்.

யூலை 24, புதன். அபர்டீன் ஏரி

நான்காவது நாளாக இதே கரையில் இருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கடலோரத்தில் கிழக்கிலிருந்து வரும் காற்றைக் கொண்டல் என்பார்கள். கிழக்கே போக வேண்டிய எனக்கு அந்தக் கொண்டல்தான் நாலு நாளாக முகத்தில் அடிக்கிறது. தடுக்க ஒரு மரமும் இல்லாத நீள ஏரியில் காற்று தூரம் சேர்த்துக்கொண்டு வருவதால், அலை குறுகலாகவும் செங்குத்தாகவும் எழுகிறது. இருவர் துடுப்புப் போட்டால் ஒருவேளை வெல்லலாம். தனியாள் ஒரு கணம் கையை நிறுத்தினால், முன்னேறிய தூரம் பின்னால் போய்விடும். வள்ளம் பக்கவாட்டில் திரும்பினால் அலை உள்ளே வந்துவிடும்.

கூடாரத்துக்குள் படுத்தபடி சாப்பாட்டை எண்ணினேன். இன்னும் 16 நாளுக்கு இருக்கிறது. அந்த ஏழு கிலோவை யெலோநைஃபில் விட்டிருந்தால் இப்போது ஆறு நாளுக்குத்தான் இருக்கும். இந்த அலைக்குள் இறங்கலாம் என்று நேற்றே என்னை நானே நம்பவைத்திருப்பேன்.

மாலையில் தங்கையின் செய்தி வந்தது: “அண்ணா, இண்டைக்கும் அதே இடத்திலதான் நிக்கிறியளோ? சாப்பாடு காணுமோ?” “காணும். காத்து விட்டதும் வெளிக்கிடுவன்” என்று பதில் போட்டேன். இன்னும் எழுத வேண்டும்போல் இருந்தது. மின்கலத்தை நினைத்து நிறுத்திக்கொண்டேன்.

யூலை 25, வியாழன்

நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குக் கண் விழித்தேன். கூடாரத் துணி அசையவில்லை. அந்த அமைதிதான் எழுப்பியிருக்க வேண்டும். இங்கே யூலையில் இரவு முழுதாக இருட்டுவதில்லை. வடக்கு அடிவானத்தில் செம்மஞ்சள் கோடு ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது, அதே நிறத்தில் ஏரி கண்ணாடிபோல் கிடந்தது. அரைமணிநேரத்தில் எல்லாவற்றையும் ஏற்றினேன். கயிறு கட்டினாயா என்று சத்தமாகக் கேட்டேன். துடுப்பிலிருந்து சொட்டும் துளிகள் நீரில் விழும் ஒலியும், தூரத்தில் ஒரு லூன் பறவையின் கூவலும் தவிர வேறெதுவும் இல்லை. கரையை விட்டு விலகாமல் பதினொரு மணிநேரம் போனேன். மதியம் காற்று எழும்பியபோது நான் ஒரு குடாவுக்குள் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

யூலை 29, திங்கள்

ஷுல்ட்ஸ் ஏரியும் முடிந்தது. நாளை ஆறு மீண்டும் வேகம் பிடிக்கும். இரு கரையிலும் கரிபூக்கள் தடம் வெட்டிய பாதைகள், பக்கம் பக்கமாக, உழுத வயலின் சால்கள்போல் போகின்றன. மான்கள் ஒன்றையும் காணவில்லை.

ஓகஸ்ட் 1, வியாழன். பேக்கர் ஏரி

பிற்பகலில் எண்ணெய்த் தாங்கிகளின் வெள்ளை நிறம் முதலில் தெரிந்தது, பிறகு வீடுகள். ஊருக்கு இனுயிற் மொழியில் கமனிற்றுவாக் என்று பெயர். ஆறு அகலும் இடம் என்று பொருள். ஜெஸ்ஸி ஊனார்க் என்ற பெரும் ஓவியர் வாழ்ந்த ஊர். கரையில் விளையாடிய பிள்ளைகள் வள்ளத்தைச் சுற்றி நின்று, அது துணியா ரப்பரா என்று தட்டித் தட்டிப் பார்த்தார்கள். ஒரு முதிய பெண் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். சொன்னேன். தனியாகவா என்று கேட்டார். ஆம் என்றேன். அவர் வள்ளத்துக்குள் எட்டிப் பார்த்து, பீப்பாவில் என்ன இருக்கிறது என்றார். திறந்து காட்டினேன்: எட்டு நாள் சாப்பாடு. தலையை அசைத்துவிட்டு, அபர்டீனில் காற்று எத்தனை நாள் வைத்திருந்தது என்று கேட்டார். நாலு நாள் என்றேன். அவருடைய தகப்பன் ஒரு தடவை அங்கே பத்து நாள் இருந்தாராம்.

வள்ளத்தைக் கழற்றி, குழாய்களை மணல் போகக் கழுவி, கல்லின் மேல் காய வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ரான்கின் இன்லெற் வழியாக வின்னிபெக்குக்கு விமானம்.