சிட் விஷியஸும் குப்பை மழையும்

செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற இங்கிலாந்து பங்க் ராக் இசைக்குழுவின் பாஸ் கிட்டார்காரன் சிட் விஷியஸைப் பற்றி எந்தப் படம் பார்க்கலாம் என்றாலே, 1986-இல் வந்த 'சிட் அண்ட் நான்சி'யைத்தான் சொல்கிறார்கள். சிட்டாக வரும் கேரி ஓல்ட்மேன் நடிப்பில் குறையே இல்லை. ஆனால் சந்தில் குப்பை மழையாகக் கொட்ட, சிட்டும் காதலி நான்சியும் முத்தமிடுகிற காட்சி இருக்கிறதே, ஹெராயின் போதையைக் காதல் காவியமாக்கிவிட்டது. குழுவின் பாடகர் ஜானி ராட்டனுக்கு அந்தப் படமே ஆகாது.

'டி.ஓ.ஏ.' ஆவணப்படத்தில் வரும் கட்டில் பேட்டியைப் பாருங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே சிட் தூங்கி விழுகிறான். நான்சி எழுப்பி எழுப்பிப் பார்க்கிறாள். காவியமாவது ஒன்றாவது! 1979 பிப்ரவரியில் செத்தபோது அவனுக்கு வயது 21.

அப்புறம் ஜூலியன் டெம்பிள் இயக்கிய 'த ஃபில்த் அண்ட் த ஃப்யூரி' (2000) ஆவணப்படம். முகம் இருட்டில் இருக்க, சிட்டைப் பற்றிப் பேசும்போது ராட்டன் உடைந்து அழுகிறார். என் ஓட்டு இதற்குத்தான். இதுவும் ஒரு தரப்புக் கதைதான், குழுவினர் தரப்பு, சரி. மேனேஜர் மெக்லாரன் தரப்பை 1980-இல் படமாக்கியவரும் இதே ஜூலியன் டெம்பிள்தான்!