சிலிண்டரைச் சுற்றிச் செடி வைக்கும் முன்

வேலூர்ப் பக்கம் புது வீடு கட்டுகிறவர்களில் பலர் இப்போது கேஸ் சிலிண்டரைச் சமையலறைக்கு வெளியே, கொல்லைப்புறச் சுவரை ஒட்டி வைத்து, உள்ளே தாமிரக் குழாய் இழுத்துக்கொள்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். காட்பாடியில் நாங்கள் கட்டிய வீட்டிலும் அப்படியே செய்தோம். குழாய் வேலை ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. அதன் பிறகு அந்தச் சிலிண்டரைச் சுற்றி நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. மேஸ்திரிக்கு அதைப் புதைக்க வேண்டும், நர்சரிக்காரருக்கு அதை மறைக்க வேண்டும். மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், சுற்றிலும் பாறை மலைகள் சூட்டைக் கக்கும் ஊரில், எரிவாயு இருக்கும் இடத்தை மூடி மறைப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதலில் ஏஜென்சி கதை. இணைப்பு ஆரணியில் மாமனார் பெயரில் இருந்தது. அவர் காலமான பிறகு அத்தை எங்களோடு வந்துவிட்டார். இரண்டு சிலிண்டர்களும் கூடவே வந்தன. காட்பாடி ஏஜென்சியில் விசாரித்தபோது கவுண்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார்: “பழைய ஊரில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்துவிட்டு டி.வி. வாங்கி வாருங்கள். இங்கே புது இணைப்பு போட்டுக்கொடுப்போம்.” டி.வி. என்பது பழைய இணைப்பை முடித்துக்கொண்டதற்குத் தரும் டெர்மினேஷன் வவுச்சர். இணைப்பு இறந்தவர் பெயரில் இருக்கிறது என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. “அதெல்லாம் அங்கே பார்த்துக்கொள்வார்கள்” என்றார்.

வாடகை மினி வேனில் சிலிண்டர்களை நிற்க வைத்து, வால்வுக்கு மூடி போட்டுக் கயிற்றால் கட்டி, பங்குனி வெயிலில் ஆரணிக்குப் போனோம். அங்கே முதல் கேள்வியே “இவர் எங்கே?” என்பதுதான். முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், முதலில் இணைப்புக் கொடுத்தபோது தந்த அசல் சந்தா வவுச்சர் எல்லாம் வேண்டும். நாத்தனார் ஓசூரில் இருக்கிறார். அவர் கையெழுத்தில்லாமல் எதுவும் நடக்காது. போன சிலிண்டர்கள் அப்படியே திரும்பி வந்தன. வேன் வாடகை போனதைவிட, எழுபது வயதைத் தாண்டிய அத்தை அந்த வெயிலில் அலைந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் உயிரோடு இல்லை என்றால், ஊர் மாற்றத்தைப் பற்றிப் பேசும் முன் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். கவுண்டரில் சொல்வதை வைத்துக்கொண்டு சிலிண்டரை வண்டியில் ஏற்றாதீர்கள். காகிதங்களை மட்டும் கொண்டுபோய்க் காட்டி, “இவை போதுமா?” என்று கேட்டுவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.

ஆரணியிலிருந்து திரும்பிய அன்று மாலை கொல்லைப்புறத்தைப் பார்த்தேன். காலையில் மேஸ்திரியிடம் வரைந்தே கொடுத்திருந்தேன்: தரையிலிருந்து அரை அடி உயர மேடை, மேலே சாய்ப்பு, மூன்று பக்கமும் திறப்பு. அவர் அதற்கு நேர்மாறாக, தரையைத் தோண்டி ஓரடிப் பள்ளத்தில் தளம் போட்டு, நான்கு பக்கமும் செங்கல் வைத்து, முன்னால் தகரக் கதவும் மாட்டியிருந்தார். மேல்பகுதியில் மட்டும் சிறு துவாரம். “குழிக்குள் இருந்தால் குளிர்ச்சியம்மா, வெயில் படாது. வெளியே தெரியவும் தெரியாது, பார்வைக்கு நன்றாக இருக்கும்” என்றார். அதோடு முடியவில்லை. நர்சரியிலிருந்து ஆட்கள் வந்து, அந்தச் செங்கல் பெட்டியைச் சுற்றி நெருக்கமாகத் துஜா கன்றுகளை நட்டு, இடையிடையே எலுமிச்சைப் புல் வைத்து, ஈரம் காயாமல் இருக்கவென்று தேங்காய் மட்டையைத் துண்டு துண்டாகப் பரப்பிவிட்டுப் போயிருந்தார்கள். சிலிண்டர் பக்கத்தில் சருகு சேராத செடியாக வேண்டும் என்று நான் கேட்டதற்கு வந்து சேர்ந்தவை இவை.

துஜாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளியே பச்சைப் பசேலென்று இருக்கும். கையை உள்ளே விட்டுப் பிரித்துப் பார்த்தால் நடுவில் எல்லாம் பழுப்பாகக் காய்ந்து கிடக்கும். பிசின் உள்ள செடி. நம் ஊர்க் கோடையில் வெளிப்புறமும் கருகத் தொடங்கிவிடும். எலுமிச்சைப் புல்லும் அப்படித்தான். அடித்தாள்கள் காய்ந்து சணல் போல் தொங்கும். காய்ந்த தேங்காய் மட்டை அடுப்பு மூட்ட உதவும் பொருள் என்பதை நான் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்றிரவு அரிசோனாவில் இருக்கும் தம்பியிடம் பேசினேன். அதுவும் வறண்ட பூமிதான். அவன் வீட்டில் சிலிண்டர் கிடையாது; முற்றத்தில் 500 கேலன், அதாவது ஏறக்குறைய 1,900 லிட்டர் கொள்ளும் புரோபேன் தொட்டியே நிற்கிறது. அந்த நாட்டு விதிப்படி தொட்டியைச் சுற்றி 10 அடிக்குக் களையோ நீளமான காய்ந்த புல்லோ அடுக்கிய விறகோ இருக்கக் கூடாது. சூட்டில் திரவம் விரிவடைய இடம் வேண்டும் என்பதால் தொட்டியை 80 சதவீதம் வரைதான் நிரப்புகிறார்கள். வெயிலை உறிஞ்சாமல் இருக்க வெள்ளை போன்ற வெளிர் நிறம் பூசுகிறார்கள். அவன் தொட்டியைச் சுற்றி வெறும் ஜல்லிதான். தெருப்பக்கம் மட்டும், சற்றுத் தள்ளி, காற்று புகும் தடுப்பு ஒன்று. “அக்கா, பார்வைக்கு அழகாக இல்லை என்று கவலைப்படாதே. சுற்றிலும் வெறுமையாக இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு” என்றான்.

பெயர் மாற்றமும் ஊர் மாற்றமும் ஒருவழியாக முடிந்து, புது ஏஜென்சியின் மெக்கானிக் இடத்தைப் பார்க்க வந்தார். இளைஞர். செங்கல் பெட்டியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தகரக் கதவைத் திறந்து, அடிப்பகுதியை நான்கு மூலையிலும் விரலால் தடவிப் பார்த்தார். நர்சரி ஆட்கள் போட்ட மட்டைத் துகளும் வேப்பஞ் சருகும் அதற்குள்ளாகவே உள்ளே புகுந்து ஒரு கைப்பிடி சேர்ந்திருந்தன. அதை வெளியே வாரிப் போட்டுவிட்டு எழுந்து, “இதில் நான் இணைப்புக் கொடுக்க மாட்டேன் அக்கா” என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. கட்டிப்பிடித்து நன்றி சொல்லலாம் போல இருந்தது. இத்தனை பேரில் விஷயம் தெரிந்த முதல் ஆள் அவர்தான்.

அவர் மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். சமையல் எரிவாயு காற்றைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீரைப் போலப் பள்ளம் தேடி ஓடும். ஆகவே மேலே துவாரம் வைத்துப் பயனில்லை, தரை மட்டத்தில் திறப்பு வேண்டும். சிலிண்டர் ஒருபோதும் தரைக்குக் கீழே இருக்கக் கூடாது. பக்கத்தில் சாக்கடை மூடியோ சம்ப்போ இருந்தால் வாயு அதற்குள் இறங்கித் தங்கிவிடும். காற்றில் 2 சதவீதம் அளவுக்குக் கலந்தாலே ஒரு பொறி போதும். அந்தப் பொறி எங்கே இருந்தது தெரியுமா? போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி அதே சுவரில், கைக்கு எட்டும் தூரத்தில் மாட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறை மோட்டார் போடும்போதும் உள்ளே பொறி தெறிக்கும். வீடு முழுவதற்கும் மின்வேலை செய்தவருக்கு அது கண்ணில் படவே இல்லை.

செங்கல் பெட்டியை இடித்தோம். இடிக்கும் கூலி என் தலையில்தான் விழுந்தது. மேஸ்திரி பாதிகூட ஏற்கவில்லை. பள்ளத்தை மூடி, கெட்டித்து, அரை அடி மேடை போட்டோம். மேலே வெள்ளை பூசிய சிமெண்ட் ஷீட் சாய்ப்பு. நிழலுக்கு அது போதும். சூடு ஏறினால் சிலிண்டருக்குள் அழுத்தமும் ஏறும் என்பதால் நிழல் கட்டாயம் வேண்டும். ஆனால் அது கூரையால் வர வேண்டும், செடியாலோ கீற்றாலோ அல்ல. தெருப்பக்கம் மட்டும் சிமெண்ட் ஜாலி. அதையும் தரையோடு ஒட்டாமல் ஒரு சாண் தூக்கி வைத்தோம். ஸ்டார்ட்டர் பெட்டி முன்வாசலுக்குப் போனது.

தரை விஷயத்தில் தம்பி சொன்னதை நான் அப்படியே செய்யவில்லை. ஜல்லி பரப்பினால் வேப்பஞ் சருகு அதன் இடுக்கில் சிக்கிக்கொள்ளும், துடைப்பத்துக்கு வராது. எங்கள் வேம்பு மாசி பங்குனியில் மொட்டையாகும் மரம். ஆடிக் காற்று வேறு தெருவில் இருக்கும் சருகையெல்லாம் அந்த மூலைக்கே தள்ளும். ஆகவே மேடையைச் சுற்றிப் பெருக்கித் தள்ள வசதியாகச் சிமெண்ட் தளம் போட்டு, சமையலறைக்கும் சம்ப்புக்கும் எதிர்ப்பக்கமாக வாட்டம் கொடுத்தோம். அதற்கு அப்பால்தான் ஜல்லி. ஒரு கிரவுண்டு மனையில் நான்கு பக்கமும் 10 அடி விடுவது நடக்காத காரியம். முன்பக்கம் அந்த அளவு விட்டோம்; மற்றப் பக்கங்களில் சுவர் வரை வெறும் தளம். ஐப்பசி மழைக்குப் பிறகு ஜல்லிக்குள் கோரையும் நெருஞ்சியும் எட்டிப் பார்க்கும். பச்சையாக இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். தை வந்துவிட்டால் காய்ந்து தீக்குத் தீனியாகிவிடும்.

ஜல்லியைத் தாண்டித்தான் செடிகள், அவையும் மண் தொட்டியில். சோற்றுக் கற்றாழை, மருள், அடினியம், பத்து மணிப் பூ. சதையில் தண்ணீரைத் தேக்கி வைக்கும் செடிகள் இவை. காய்ந்த மடலை அவ்வப்போது கிள்ளிவிட்டால் போதும். காகிதப்பூவை அங்கே வைக்காதீர்கள். வறட்சியைத் தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் உதிர்ந்த பூவெல்லாம் காய்ந்து மூலையில் குவியும், முள் வேறு. நிறைந்த சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ. அதைத் தோளில் சுமந்து வருகிறவருக்கு முள்ளும் தொட்டியும் இடிக்காத வழி விட வேண்டும். சொட்டுக் குழாயையும் சிலிண்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. அது பட்ட இடத்தில் அடி வளையம் துருப்பிடித்துவிடுகிறது. சிலிண்டர் அடியில் குளிர்ச்சியாக அடர்ந்த செடி இருந்தால் பாம்பும் வந்து ஒதுங்கும். மலையடிவாரத்து வீடுகளில் இருப்பவர்களுக்கு இது தெரியும்.

கடைசியாகப் பக்கத்து வீட்டுப் பெரியவர். அந்தி சாய்ந்ததும் தென்னை மட்டையையும் சருகையும் காம்பவுண்டு சுவர் ஓரம் குவித்துக் கொளுத்துவது அவர் பழக்கம். சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் சிலிண்டர். “ஐயா, கொஞ்சம் தள்ளிக் கொளுத்தக் கூடாதா?” என்று கேட்டதற்கு, முப்பது வருடமாக அங்கேதான் கொளுத்துகிறேன் என்றார். நான் பேசிப் பயனில்லாமல், அத்தை அவர் வீட்டம்மாவைக் கொல்லைக்கு அழைத்து வந்து சிலிண்டரைக் காட்டினார். மறுவாரமே அவர் தோட்டத்தின் மறுகோடியில் குழி வெட்டிச் சருகை மக்கப் போட ஆரம்பித்துவிட்டார். இந்த அலைச்சலில் எனக்கு மிகப் பெரிய நிம்மதி கொடுத்தது அதுதான். உங்கள் மனைக்குள் எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். போகிக்கு முந்தின நாள் கட்டாயம் பாருங்கள். கார்த்திகை அகல்களை வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மெக்கானிக் மறுபடி வந்து இணைப்புக் கொடுத்தார். மூட்டுகளில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று காத்திருந்து பார்த்தார். தீக்குச்சி உரசிச் சோதிக்கிறவர்களை வீட்டுக்குள் விடவே விடாதீர்கள். சிலிண்டரின் கைப்பிடிப் பட்டையில் ஏ, பி, சி, டி என்ற எழுத்தோடு ஆண்டு இருக்கும். அடுத்த சோதனைக்குரிய காலாண்டு அது. டி-27 என்றால் 2027 அக்டோபர் முதல் டிசம்பர். கெடு கடந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். ஆரஞ்சு நிற ரப்பர் குழாய் 5 ஆண்டுகளுக்குத்தான். கசிவு என்றால் அழைக்க வேண்டிய எண் 1906. அதைக் கொல்லைக் கதவின் உட்புறம் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஆய்வுச் சீட்டில் கையெழுத்து வாங்கி, நகல் எடுத்து, அசல் வவுச்சரோடு சேர்த்து வைத்துவிட்டேன். துஜாவை நர்சரிக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, பணமும் தரவில்லை. அத்தை அந்தச் சிமெண்ட் ஜாலியைப் பார்த்துவிட்டு முல்லைக் கொடி ஏற்றலாமா என்று கேட்டார். முல்லை என்றால் அவருக்கு உயிர். வாசல் பக்கம் பந்தல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஜாலியில் மட்டும் எதையும் ஏற்ற விடவில்லை.